கன்சல்டிங் கம்பெனி ரெக்ரூட்டர் போன்ல என்னதான் கேப்பாங்க?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு ஊரு சோமனூர் பக்கம். கோயமுத்தூர்ல மெக்கானிக்கல் முடிச்சுட்டு, கணபதியில ஒரு பம்ப் கம்பெனியில புரொடக்‌ஷன் பிளானிங்ல இருக்கேன். அஞ்சாவது வருசம் ஓடுது.

மத்த கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ற பெரிய கன்சல்டிங் கம்பெனி ஒண்ணுல ஆபரேஷன்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு லிங்க்டின்ல பாத்து அப்ளை பண்ணியிருந்தேன். சென்னை ஆபீசு. நேத்து மெயில் வந்துருச்சு. வர்ற வியாழக்கிழமை 11:30-க்கு ரெக்ரூட்டர் போன் பண்ணுவாங்களாம், அரை மணி நேரம் ஒதுக்கி வெக்கச் சொல்லியிருக்காங்க.

யூடியூப்ல போய்ப் பாத்தா எல்லாமே கேஸ் இன்டர்வியூதான். "ஒரு கம்பெனிக்கு லாபம் கொறையுது, ஏன்?"னு கேட்டு, எதிர்ல இருக்கறவரு கிளை கிளையாப் படம் போட்டுக் காட்டறாரு. இந்த மொத போன்லயே அதெல்லாம் வருமுங்களா? சம்பளம் கேட்டாச் சொல்லோணுமா, மழுப்போணுமா? இங்கிலீஷ் மெயில்ல நல்லாவே எழுதுவேன், வாயத் தொறந்து பேசறப்பத்தான் சித்தெ தடுமாறும்.

இன்னொரு தொந்தரவு. தறிக்குடோனும் வீடும் ஒட்டுனாப்பல இருக்குது. அப்பா கூலிக்கு 8 தறி ஓட்டறாரு. வீட்ல இருந்து பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்குத் தறிதான் கேக்கும், நான் கேக்க மாட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காங்கேயத்தான்:

ஒண்ணும் பயப்பட வேண்டாம் தம்பி. எச்.ஆர். காலு சும்மா ஃபார்மாலிட்டி. பேரு ஊரு கேட்டு 10 நிமிசத்துல வெச்சுருவாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. கரன்ட் கட் நாளாப் பாத்து காலு போடச் சொல்லுங்க, தறியும் ஓடாது!

கோபிக்காரி:

காங்கேயத்தாரே, உங்களுக்கு நடந்தது ஐ.டி. கம்பெனியா இருக்கும். கன்சல்டிங்ல அந்தப் போன்லயே பாதிப் பேருக்கு மேல கழிச்சுக் கட்டிருவாங்க. நானே கழிச்சிருக்கேன். பெங்களூர்ல ஒரு கன்சல்டிங் கம்பெனிக்கு ஆள் எடுக்கற வேலையில இருந்தவ நான். இப்ப கோபிக்கே வந்துட்டேன், வீட்ல இருந்தே சின்னக் கம்பெனிகளுக்கு அதே வேலையப் பாக்கறேன். எந்தக் கம்பெனில இருந்தேன்னு யாரும் கேக்காதீங்க.

தம்பி, போனுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ரெக்ரூட்டரம்மா முன்னாடி ஒரு ஸ்கிரீன் இருக்கும். ஒரு பக்கம் உங்க ரெஸ்யூமே, இன்னொரு பக்கம் கட்டம் கட்டமா ஒரு ஃபாரம். இப்ப வாங்கற சி.டி.சி. (உங்களுக்குன்னு கம்பெனி வருசத்துக்குப் பண்ற மொத்தச் செலவு), எதிர்பாக்கறது எவ்வளவு, வேலைய விடறதுக்கு நோட்டீஸ் எத்தனை நாளு, எந்த ஊருக்கு வருவாரு, டிராவல் சரியா, ஏன் மாறறாரு, வேற ஆஃபர் கையில இருக்கா, பேச்சுக்கு 5-க்கு எத்தனை மார்க்கு. எல்லாத்துக்கும் கீழ பெருசா ஒரு காலிக் கட்டம் கெடக்கும், ரிமார்க்ஸ்னு போட்டு. நீங்க பேசப் பேச நாங்க டைப் அடிச்சுட்டே இருப்போம். சத்தம் உங்களுக்கே கேக்கும். திடீர்னு அந்தப் பக்கம் பேச்சில்லாமப் போச்சுன்னா, ஏதோ சொல்லக்கூடாததச் சொல்லிட்டோம்னு பதறாதீங்க. எழுதிட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

அந்த ரிமார்க்ஸ் கட்டத்துல நாங்க எழுதற ரெண்டு மூணு வரியத்தான் மேனேஜர் படிப்பாரு. உங்க ரெஸ்யூமேய அவரு முழுசாப் பாக்கறது உங்ககூட உக்காரறப்பத்தான், சில பேரு அப்பவும் பாக்கறதில்ல. ரெக்ரூட்டர் கல்யாணத் தரகர் மாதிரி. பொண்ணு வீட்ல போய்ச் சொல்றதுக்கு அவருக்கு ரெண்டு நல்ல விசயம் வேணும். அதைக் கையில குடுக்காம "எங்க பையன் நெம்ப நல்லவன்"னா அவரு என்னத்தைப் போய்ப் பேசுவாரு? அப்படியே எடுத்து டைப் அடிக்கறாப்பல மூணு வாக்கியம் தயார் பண்ணி வெச்சுக்கோங்க. மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

ஊரும் டிராவலும் கேக்கறப்ப இழுக்காதீங்க. ஆபரேஷன்ஸ் கன்சல்டிங்னா திங்கக்கிழமை காலைல கிளையன்ட் ஃபேக்டரியில நிக்கோணும், வியாழக்கிழமை ராத்திரி திரும்பறதுங்கறது அங்க சாதாரணம். அந்த ஃபேக்டரி ஸ்ரீபெரும்புதூராவும் இருக்கும், புனேவாவும் இருக்கும், ஜாம்ஷெட்பூராவும் இருக்கும். "கோயமுத்தூர்லயே ஏதாச்சும் கெடைக்குமா மேடம்?"னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா அங்கயே கதை முடிஞ்சுது. வாராவாரம் போக முடியுமான்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டுப் போனை எடுங்க. போன்ல வெச்சு யோசிக்கற விசயம் இல்ல அது.

"ஏன் எங்க கம்பெனி?"னு கட்டாயம் வரும். பெரிய கன்சல்டிங் கம்பெனிகளான மெக்கின்சி 1926-ல சிகாகோவுல ஆரம்பிச்சாங்க, பி.சி.ஜி. 1963-ல பாஸ்டன்லன்னு சில பசங்க மனப்பாடமா ஒப்பிப்பாங்க. அதை வெச்சு நாங்க என்ன பண்றது? அந்தக் கம்பெனிக்காரங்க உங்க தொழில் பக்கம், அதாவது மோட்டார், பம்ப், ஃபவுண்டரி, டெக்ஸ்டைல் மாதிரி, என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு அவங்க வெப்சைட்ல தேடிப் படிங்க. அதுல ஒண்ணச் சொல்லி, உங்க ஃபேக்டரியில பாத்ததோட கோத்துப் பேசுங்க.

இங்கிலீஷப் பத்தி. அந்த 5 மார்க்கு உச்சரிப்புக்கு இல்லீங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றீங்களா, சொல்லி முடிச்சதும் நிறுத்தறீங்களான்னுதான் பாக்கறது. நம்ம பக்கத்துப் பசங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு, மரியாதைக்குன்னு "யெஸ் மேடம், ஓகே மேடம், ஷ்யூர் மேடம்"னே அரை மணி நேரத்தையும் ஓட்டிருவாங்க. பையன் தங்கமான பையன்னு தெரியும், ஆனா அந்தக் கட்டத்துல எழுத ஒண்ணுமிருக்காது. ஒருக்கா மேடம்னு சொன்னாப் போதும், அப்பறம் விசயத்துக்கு வந்துருங்க.

அப்பறம், தெரியாத நம்பர்னா கிரெடிட் கார்டுக்காரன்னு கட் பண்ற பழக்கம் இருந்தா வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். சில சமயம் லேண்ட்லைன்ல இருந்துகூட வரும்.

தறிச்சத்தம்:

நெம்ப நன்றிங்க்கா. இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சாப்பல இருக்குது. "உங்களப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா இப்படிச் சொல்லலாம்னு எழுதி வெச்சிருக்கேன். பேசறப்ப இங்கிலீஷ்ல பேசிக்குவேன்:

"நான் நாலு வருசத்துக்கு மேல புரொடக்‌ஷன் பிளானிங் பாத்துட்டிருக்கேன். ஈ.ஆர்.பி. தெரியும், எக்செல் நல்லா வரும். டீமோட ஒத்துப் போவேன். புதுசு புதுசாக் கத்துக்க ஆர்வம். அதனால கன்சல்டிங் வரணும்னு நினைக்கறேன்."

போதுமுங்களா?

கோபிக்காரி:

போதாது தம்பி. இதுல எதை நான் டைப் அடிக்கறது? எக்செல் தெரியும்னு எழுதினா மேனேஜர் என்னைத்தான் திட்டுவாரு. நீங்க கம்பெனில செஞ்ச வேலைல ஒண்ணு, நீங்க இல்லைன்னா நடந்திருக்காதுன்னு சொல்றாப்பல, அதை இங்க எழுதுங்க. அழகா எழுத வேண்டாம், நடந்தது நடந்தபடி.

தறிச்சத்தம்:

ஒண்ணு இருக்குதுங்க்கா. மாசி பொறந்து வெயில் ஏற ஆரம்பிச்சதும் போர்வெல் பம்ப்புக்கு ஆர்டர் குமியும். எங்களுக்குக் காஸ்டிங், அதான் உருக்கி ஊத்தின பம்ப் பாடி எல்லாம், வெளி ஃபவுண்டரில இருந்து வரும். அவங்க கைக்கு எது தோதோ அந்த மாடலை மொதல்ல ஊத்தி அனுப்பிருவாங்க. இங்க வேண்டியது ஒண்ணு, வந்து நிக்கறது ஒண்ணு. வைண்டிங் முடிஞ்ச மோட்டார் எல்லாம் பம்ப் பாடி இல்லாம ரேக்குல அடுக்கிக் கெடக்கும். டீலர் போன் பண்ணிக் கத்துவாரு.

நான் என்ன பண்ணேன்னா, தினமும் சாயங்காலம் ரேக்குல எந்த மாடல் மோட்டார் எத்தனை நிக்குதுன்னு எண்ணி, அதை வெச்சு மக்யா நாளு எந்தக் காஸ்டிங் மொதல்ல வேணும்னு ஒரு ஷீட் போட்டு ஃபவுண்டரி சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவேன். மொத ரெண்டு வாரம் அவரு கண்டுக்கவே இல்ல. அப்பறம் நேர்ல போய் உக்காந்து, அவருக்கு மோல்டு மாத்தறதுல என்ன சிரமம்னு கேட்டு, ஒரு நாளைக்கு மூணு மாடலுக்கு மேல கேக்க மாட்டேன்னு பேசி முடிச்சேன். டெஸ்பேட்ச் சராசரியா 9 நாள் தாமதமாயிட்டிருந்தது 4 நாளுக்கு வந்துது. இதெல்லாம் பெரிய விசயமான்னு தெரியலீங்க்கா.

கோபிக்காரி:

இதைத்தான் தம்பி கேட்டேன்! இதை வெச்சுட்டு "டீமோட ஒத்துப் போவேன்"னு சொல்ல வந்தீங்களாக்கும்.

இப்படி மாத்திக்கோங்க: "கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில புரொடக்‌ஷன் பிளானிங் பாக்கறேன். சீசன்ல ஆர்டர் தாமதமாப் போறதுக்குக் காரணம் எங்க ஷாப்ல இல்ல, வெளிய இருந்து காஸ்டிங் வர்ற வரிசையிலதான்னு கண்டுபுடிச்சேன். ஃபவுண்டரியோட பேசி அந்த வரிசைய மாத்தினேன், தாமதம் 9 நாள்ல இருந்து 4 நாளாச்சு." இவ்வளவு சொல்லிட்டு நிறுத்துங்க. மேல கேப்பாங்க. கேக்கறப்ப அந்த சூப்பர்வைசர் கண்டுக்காம இருந்ததையும், நீங்க நேர்ல போனதையும் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒருத்தர வழிக்குக் கொண்டு வந்திருக்கீங்க. கன்சல்டிங்ல பாதி வேலை அதுதான். வர்ற ரவுண்டுலயும் இதே கதைய உள்ள எறங்கித் தோண்டுவாங்க, அதனால ஒரு நம்பரையும் கூட்டிச் சொல்லாதீங்க.

ஏன் கன்சல்டிங்னு கேட்டாலும் இதுல இருந்தே போலாம். இதே காஸ்டிங் தொல்லை பக்கத்துக் கம்பெனிகள்லயும் இருக்குது, ஆனா ஒரு கேட்டுக்குள்ள இருந்துட்டு நான் ஒண்ணைத்தான் சரி பண்ண முடியுது, அப்படின்னு. அப்பா தறி ஓட்டறதையும் ஒரு வரி சொல்லலாம். சின்ன வயசுல இருந்து மிசின் நின்னாக் காசு நிக்கும்னு பாத்து வளந்தவன்னு சொன்னா அந்தம்மா மனசுல நிக்கும். அதை மட்டும் கஷ்டக் கதையா இழுத்துறாதீங்க, கேக்கறவங்களுக்குச் சங்கடமாப் போகும்.

ஈரோட்டுக்காரன்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. சம்பளத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே? என் அனுபவத்துல மொத போன்ல நம்பரச் சொல்லவே கூடாது. "உங்க பட்ஜெட் என்ன?"ன்னு திருப்பிக் கேக்கோணும். மொதல்ல வாயத் தொறந்தவன் தோத்தான்.

கோபிக்காரி:

சந்தை யாவாரம் இல்லீங்க இது, துண்டுக்கடியில வெரலப் புடிச்சுப் பேசறதுக்கு. நம்மூரு ரெக்ரூட்டர்களுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. நீங்க மழுப்பினா, மழுப்பறாருன்னு எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போடுவாங்க. பட்ஜெட்டக் கேளுங்க, தப்பில்ல, ஒருக்காக் கேளுங்க. சொல்லலைன்னா உங்க நம்பரச் சொல்லிருங்க.

ஆனா எந்த நம்பர்ங்கறதுதான் இங்க விசயம். மாசம் கையில வர்றதப் பன்னண்டால பெருக்கி, அதையே சி.டி.சி.ன்னு சொல்லிருவாங்க நம்ம ஃபேக்டரிப் பசங்க. இப்ப உதாரணத்துக்கு, கையில 38,000 வருதுன்னு வெச்சுக்கோங்க. வருசத்துக்கு 4,56,000. பேசிக் 20,000-ன்னா உங்க பி.எஃப். 12 சதவீதம், மாசம் 2,400 புடிச்சிருப்பாங்க, அது உங்க சம்பளந்தான். கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு 2,400 கட்டும். ரெண்டும் சேத்தா வருசத்துக்கு 57,600. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலைய விட்டுப் போறப்பக் குடுக்கற பணிக்கொடைக்கு, பேசிக்ல 4.81 சதவீதம்னு கணக்குப் போடுவாங்க, அது 11,500 சொச்சம். தீவாளி போனஸ் 25,000-ன்னா எல்லாம் சேந்து அஞ்சரை லட்சம் ஆகுது. நாலரைன்னு சொல்லி ஒரு லட்சத்தை வாசல்லயே வெச்சுட்டு உள்ள போற ஆளுக எத்தனை பேரு! சில கம்பெனில பி.எஃப். 15,000-க்கு மட்டுந்தான் கட்டுவாங்க, அப்ப மாசம் 1,800-தான் புடிச்சிருப்பாங்க. பே ஸ்லிப்ப எடுத்து வெச்சுட்டு உக்காந்து கூட்டுங்க.

கூட்டறேன்னு ஒரேயடியாக் கூட்டிறவும் கூடாது. ஆஃபருக்கு முன்னாடி மூணு மாசப் பே ஸ்லிப்பும், சம்பளத்துல வரி புடிச்சதுக்குக் கம்பெனி குடுக்கற ஃபாரம் 16-ம் கேப்பாங்க. யு.ஏ.என்.ங்கற உங்க பி.எஃப். நம்பர் வழியா எந்தக் கம்பெனில எப்பச் சேந்தீங்க, எப்ப வெளிய வந்தீங்கன்னு தேதியோட தெரிஞ்சுரும்.

எதிர்பாக்கறது எவ்வளவுன்னா ஒரே நம்பரா வேண்டாம், இத்தனைல இருந்து இத்தனைன்னு சொல்லுங்க. கீழ் நம்பரு உங்களுக்கு உண்மையிலயே சம்மதமானதா இருக்கோணும், ஏன்னா அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும். ஃபிக்ஸட் (நிச்சயமா வர்றது) எவ்வளவு, வேரியபிள் (வேலையப் பொறுத்துக் கூடிக் கொறையறது) எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. நோட்டீஸ் இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. கம்பெனில முன்னாடியே விடுவாங்களான்னு தெரியாம, முப்பது நாள்ல வந்தர்றேன்னு வாக்குக் குடுக்காதீங்க.

நொய்யல்கரை:

நான் இப்ப ஒரு கன்சல்டிங் கம்பெனில வேலை பாக்கறேன், பூர்வீகம் பேரூர். கோபி அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். மொத போன்லயே கேஸ் வருமான்னு தம்பி கேட்டிருந்தாரே, முழு கேஸ் பெரும்பாலும் இந்தப் போன்ல வராது. ஆனா சில ரெக்ரூட்டர்க கடைசில ஒரு சின்னக் கணக்குப் போடுவாங்க, தலை ஓடுதான்னு பாக்க.

உதாரணத்துக்கு, "கோயம்புத்தூர் மாவட்டத்துல வருசத்துக்கு எத்தனை வெட் கிரைண்டர் விக்கும்?" புவிசார் குறியீடு வாங்கின நம்மூர்ப் பொருளாச்சே, தெரியாதுன்னு சொல்ல முடியாது! 2011 சென்சஸ்படி மாவட்டத்துல சுமார் 34.6 லட்சம் பேரு. வீட்டுக்கு மூணரைப் பேருன்னா ஏறக்குறைய 10 லட்சம் வீடு. பத்துல எட்டு வீட்ல கிரைண்டர் இருக்குதுன்னா 8 லட்சம். ஒண்ணு வாங்கினாப் பத்து வருசம் ஓடும்னு வெச்சா, மாத்தறதுக்கு மட்டும் வருசத்துக்கு 80,000. புதுசாக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போறவங்க, ஹோட்டல், மாவு அரைச்சு விக்கறவங்க எல்லாம் இதுக்கு மேல. சென்சஸ் பழசுங்கறதையும் நீங்களே சொல்லிருங்க. விடை முக்கியமில்ல, ஒவ்வொரு அனுமானத்தையும் வாய்விட்டுச் சொல்லோணும். மனசுக்குள்ளயே போட்டு 80,000-ன்னு மட்டும் சொன்னா மார்க்கு கெடையாது.

அடுத்து என்ன ரவுண்டுன்னு அந்தப் போன்லயே கேட்டு வெச்சுக்கோங்க. மெக்கின்சில சால்வ்னு கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரி ஒரு டெஸ்ட் உண்டு, பி.சி.ஜி.ல கேசின்னு ஒரு சாட்பாட்டே கேஸ் நடத்தும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால படிக்கறதையும் மாத்தோணும். ரெக்ரூட்டர்கிட்டக் கேட்டா மறைக்காமச் சொல்லுவாங்க.

காங்கேயத்தான்:

சரிங்க, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்! ஒண்ணு மட்டும். எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே மாதிரி பெரிய கம்பெனி பேரச் சொல்லிப் போன் வந்துது, நல்லாப் பேசிட்டுக் கடைசில லேப்டாப்புக்கு டெபாசிட் 6,500 கட்டச் சொல்லிட்டாங்க. மெயில் ஐ.டி.யப் பாத்தா ஜிமெயில். தம்பிக்கு மெயில் கம்பெனி டொமைன்ல இருந்துதான் வந்துதா?

தறிச்சத்தம்:

கம்பெனி டொமைன்தாங்ணா, அவங்க வெப்சைட்லயும் அதே வேலைய போட்டிருக்காங்க. பாத்துட்டேன்.

கோபிக்காரி:

நல்லது. எந்தக் கம்பெனியும் வேலை குடுக்கக் காசு வாங்காது. காசு போயிருந்தா உடனே 1930-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, சைபர் கிரைம் உதவி எண் அது. நாள் தள்ளத் தள்ளப் பணம் திரும்பறது கஷ்டம்.

தறிச்சத்தம்:

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டேன். சரவணம்பட்டில சித்தி வீடு இருக்குது, மாடி ரூம்புல உக்காந்துக்கலாம்னு இருக்கேன். பே ஸ்லிப், ரெஸ்யூமே பிரிண்ட் ரெண்டும் எடுத்து வெச்சாச்சு. சி.டி.சி. கூட்டிப் பாத்தா நான் நெனச்சதுக்கு மேல 80,000 வருதுங்க்கா!

கடைசியா, "எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கறீங்களா?"ன்னு சொன்னா என்ன கேக்கறது? பேசி முடிச்சப்பறம் எத்தனை நாள் பாக்கறது?

கோபிக்காரி:

சித்தி வீடே நல்லது. சித்திகிட்ட மட்டும் சொல்லி வெயுங்க, இல்லைன்னா "கண்ணு, காப்பித் தண்ணி குடிக்கறயா?"ன்னு நடுவுல வந்து நிப்பாங்க. போன்ல கால் வெயிட்டிங்கையும் வாட்ஸ்அப் காலையும் நிறுத்தி வெச்சுக்கோங்க. மெயில்ல டீம்ஸ் லிங்க் இருந்துதுன்னா சட்டையும் போட்டுக்கோங்க, திடீர்னு வீடியோ ஆன் பண்ணச் சொல்லுவாங்க.

கேள்விக்கு ரெண்டு போதும். இந்த டீமுல இப்ப எந்தத் தொழில் கிளையன்ட்டு அதிகம்னு ஒண்ணு. ஃபேக்டரில இருந்து வந்தவங்க இதுக்கு முன்னாடி சேந்திருக்காங்களா, அவங்களுக்கு மொத ஆறு மாசத்துல எது சிரமமா இருந்துதுன்னு இன்னொண்ணு. ரெண்டாவதுக்குப் பல ரெக்ரூட்டர்களுக்குப் பதில் தெரியாது, மேனேஜரக் கேட்டுச் சொல்றேன்னு போவாங்க. அப்ப உங்க பேரு அவரு காதுல ஒருக்கா விழும். லீவு எத்தனை, வொர்க் ஃப்ரம் ஹோம் உண்டான்னு இப்பக் கேக்காதீங்க, ஆஃபர் வந்தப்பறம் கேட்டுக்கலாம்.

முடிஞ்ச அன்னிக்குப் பொழுதோட மூணு வரில ஒரு நன்றி மெயில். அதுலயே அந்த 9 நாள், 4 நாள் வரிய மறுபடியும் போட்டு விடுங்க, ரிமார்க்ஸ் கட்டத்துல எழுத விட்டுப்போயிருந்தா அவங்க அங்கிருந்து எடுத்துப் போட்டுக்குவாங்க. ஒரு வாரம் பாருங்க. பதில் இல்லைன்னா அதே மெயிலுக்குக் கீழயே ஒரு வரி கேட்டு எழுதுங்க. போன் மட்டும் பண்ணாதீங்க தம்பி, நாங்க எடுக்க மாட்டோம்.